பூச்சாடி மட்டும் போதுமா? யன்னலையும் திறவுங்கள்!

யாழ்ப்பாணம் சோனகதெருவில் எனது மாணவி ஒருத்தியின் வீட்டுக்குச் சில மாதங்களுக்கு முன் போயிருந்தேன். அவளுடைய ராத்தாவுக்குக் குழந்தை பிறந்து நாற்பதாம் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. துஆ ஓதுவதற்காகப் பிள்ளையை உம்மும்மா விறாந்தைக்குத் தூக்கிவந்தார். பிள்ளையின் தலையில் சாம்பிராணி மணம். கூடவே விட்டு விட்டு இருமல்.

"பிள்ளைக்கு இருமலாக இருக்கிறதே?" என்று கேட்டேன்.

"பயமொண்டுமில்ல மௌலவி. நீங்கதானே பெண்கள் பயான்ல சொன்னீங்க, வீட்டுக்குள்ள செடி வைச்சா காத்துச் சுத்தமாகும் எண்டு. அறைக்குள்ள ஆறு பூச்சாடி வைச்சிருக்கம். அதால யன்னலத் திறக்கிறதே இல்ல. நுளம்பும் வராது" என்றார் அந்த மூதாட்டி.

எனக்குத் தலை குனிந்தது. அவர் சொன்னது உண்மை. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை நான் அந்தப் பயானில் விளக்கினேன். அது புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் பதிவான ஸஹீஹான ஹதீஸ். அதன் பின்னால், எங்கோ துணுக்காகப் படித்த செய்தி ஒன்றையும் சுவைக்காகச் சேர்த்துவிட்டேன். ஹதீஸை ஆராய்ந்து சொன்ன நான் துணுக்கை ஆராயவில்லை. ஒரு செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத்தில் இறைவன் கட்டளையிடுகிறான். அதைப் பாடமாக நடத்துகிறவனே தவறினேன். அந்தத் தவறைத் திருத்தவே இக்கட்டுரை.

செய்தி எங்கிருந்து வந்தது?

1989ஆம் ஆண்டு அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. அதை நடத்தியவர் வோல்வர்டன் என்ற விஞ்ஞானி. விண்கலத்திற்குள் யன்னல் திறக்க முடியாது. உள்ளேயிருக்கும் பொருட்களிலிருந்து கசியும் இரசாயன வாயுக்கள் அங்கேயே தங்கிவிடும். அவற்றைச் செடிகள் உறிஞ்சுமா என்பதே அவர் கேட்ட கேள்வி.

காற்றுப் புகாதபடி மூடிய சிறிய கண்ணாடி போன்ற பெட்டிகளுக்குள் செடிகளை வைத்தார். பென்சீன், ஃபோர்மல்டிஹைட் போன்ற வாயுக்களை உள்ளே செலுத்தினார். 24 மணி நேரத்தில் அவற்றின் அளவு குறைந்தது. மருள், மணி பிளான்ட், கற்றாழை எல்லாம் அந்தப் பரிசோதனையில் இருந்தன. இலை மாத்திரமல்ல, வேரைச் சுற்றியுள்ள மண்ணும் அதில் வாழும் நுண்ணுயிர்களும் அந்த வேலையில் பங்கெடுத்தன என்றும் அவர் கண்டார்.

ஆய்வில் பிழையில்லை. ஆனால் பெட்டிக்குள் நடந்ததை வீட்டுக்குள்ளும் நடப்பதாக எழுதியவர்கள் பிழைவிட்டார்கள். பூச்சாடி விற்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். என்னைப் போன்றவர்கள் மேடையிலும் சொன்னோம்.

கணக்குப் பார்ப்போம்

வீடு என்பது மூடிய பெட்டியல்ல. கதவிடுக்கு, ஓட்டிடுக்கு, யன்னல் வழியாகக் காற்று வந்து போய்க்கொண்டேயிருக்கும். இப்படி இயல்பாக நடக்கும் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்யவேண்டுமானால் எத்தனை செடி வேண்டும்? அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கமிங்ஸ், வேரிங் ஆகிய இருவர் பல ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுதிரட்டிக் கணக்கிட்டு 2019இல் வெளியிட்டார்கள். ஒரு சதுர மீற்றர் தரைக்கு 10 முதல் 1000 செடிகள் வரை வேண்டுமாம்!

பத்தடிக்குப் பத்தடி அறையின் தரை ஏறத்தாழ 9.3 சதுர மீற்றர். குறைந்த கணக்கை எடுத்தாலும் 93 செடிகள். அதன் பிறகு பாய் விரிக்க இடமேது, தொட்டில் கட்ட இடமேது? ஆறு பூச்சாடி அழகு தரும். காற்றைச் சுத்தம் செய்யாது.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த ஆய்வுகளெல்லாம் இரசாயன வாயுக்களைப் பற்றியவை. நமது வீடுகளில் பெருங்கேடு செய்வது புகை. இரவில் செடி கரியமில வாயுவை வெளிவிடும், அறையில் வைக்கக்கூடாது என்று சிலர் பயமுறுத்துவதும் தேவையற்றது. பக்கத்தில் உறங்கும் ஒரு மனிதர் வெளிவிடும் அளவோடு ஒப்பிட்டால் அது மிகமிகச் சொற்பம்.

கெடுப்பது எது?

முதலாவது, விறகடுப்பு. 2022இல் எரிவாயு கிடைக்காமல் நாடே தவித்தபோது, காஸ் அடுப்பு வைத்திருந்த பல வீடுகளும் மீண்டும் விறகுக்கு வந்தன. பனம்பாளை, பொச்சுமட்டை, சிரட்டை எல்லாம் நமக்கு அடுத்த வளவிலேயே கிடைப்பவை. குறையொன்றுமில்லை. ஆனால் புகை வெளியேற வழியில்லாத குசினி, நெஞ்சுக்குப் பகை. வீட்டு அடுப்புப் புகை முதலியவற்றால் 2020இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மரணித்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. அவர்களில் 2,37,000க்கும் அதிகமானோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அடுப்படியில் அதிக நேரம் நிற்பவர் உம்மா. அவர் இடுப்பில் இருப்பது பிள்ளை. புகை யாரை முதலில் சேரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இரண்டாவது, நுளம்புச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வீட்டில் யாரும் புகைப்பதில்லை என்று மகிழ்ந்துகொண்டே, யன்னலைச் சாத்திவிட்டுப் பிள்ளையின் கட்டிலடியில் சுருளைக் கொளுத்தி வைக்கிறோம்!

மூன்றாவது, சாம்பிராணியும் ஊதுபத்தியும். நறுமணம் நபி (ஸல்) அவர்களுக்கு விருப்பமானது. அதில் ஐயமில்லை. ஆனால் மணம் வேறு, புகை வேறு. அத்தரிலும் மணமுண்டு. குளிப்பாட்டிய பச்சிளம் பிள்ளையைத் தணலுக்கு மேலே பிடித்துத் தலைக்குப் புகை காட்டுவது மார்க்கமல்ல, வழக்கம்தான். மென்மையான ஒரு துவாயால் தலையைத் துடைத்துவிட்டால் போதும்.

அந்தக் கால வீடும் இந்தக் கால அறையும்

நமது மூத்தவர்கள் யாழ்ப்பாணத்தில் கட்டிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். நடுவில் முற்றம், உயர்ந்த ஓட்டுக் கூரை, சுற்றிவர விறாந்தை, வீட்டோடு ஒட்டாமல் தள்ளியிருக்கும் அடுப்படி. சோளகம் வீசினால் ஒரு பக்கத்தால் புகுந்து மறுபக்கத்தால் போகும். செடிகள் முற்றத்திலும் கிணற்றடியிலும் நின்றன.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி அந்த வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டோம். புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. 2002க்குப் பிறகும், 2009க்குப் பிறகும் திரும்பி வந்தவர்கள் கண்டதென்ன? பல வீடுகளுக்குக் கூரையில்லை, கதவில்லை, யன்னலில்லை. படுக்கையறைக்குள் மரம் முளைத்து நின்றது. வீட்டுக்குள் பச்சை என்றால் நமக்கு ஒருகாலத்தில் அதுதான் பொருளாக இருந்தது.

இன்று மீளக் கட்டியெழுப்பிய வீடுகள் பெரும்பாலும் சிறியவை. கையிலிருந்த காசுக்கு ஏற்ப இரண்டு அறை, தாழ்ந்த கூரை, ஒட்டினாற்போல் குசினி. யன்னலே இல்லாத வீட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், அரும்பாடுபட்டு யன்னல் போட்டிருக்கிறோம். போட்ட யன்னலைச் சாத்தியே வைத்திருப்பது எவ்வளவு பெரிய நட்டம்!

திறந்தால் மார்க்கத்துக்கு மாறாகுமா?

சகோதரிகள் யன்னலைச் சாத்துவதற்குச் சொல்லும் காரணங்கள் சில மார்க்கத்தோடு தொடர்புபட்டவை. ஆகவே அவற்றைப் பற்றிக் கூறுவது என் கடமை.

பர்தாவுக்காக யன்னலைச் சாத்தவேண்டியதில்லை. பார்வையை மறைக்கத் திரை போதும். கண்மட்டத்துக்குக் கீழே திரையிட்டு, மேற்பாதியைத் திறந்து விடலாம்.

இத்தா இருக்கும் பெண்ணை இருண்ட அறையில், யன்னலும் திறக்காமல் நான்கு மாதமும் பத்து நாளும் வைத்திருக்கும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. அப்படி இருட்டடைப்பு எதையும் ஷரீஅத் விதிக்கவில்லை. அவள் தன் வீட்டில் தங்கவேண்டும், அலங்காரத்தைத் தவிர்க்கவேண்டும். காற்றையும் வெளிச்சத்தையும் தவிர்க்கும்படி யாரும் சொல்லவில்லை. பிரசவித்த தாயின் நாற்பது நாளுக்கும் இதுவே பொருந்தும்.

இரவானதும் பிள்ளைகளை உள்ளே அழையுங்கள், கதவுகளைச் சாத்துங்கள், விளக்கை அணையுங்கள், பாத்திரங்களை மூடி வையுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். கதவைச் சாத்துங்கள். நுளம்பு வலை அடித்த யன்னல் வழியே காற்று வரட்டும். உறங்கும்போது நெருப்பை எரியவிடாதீர்கள் என்றும் எச்சரித்தார்கள். மதீனாவில் ஒரு வீடு இரவில் தீப்பற்றிய சம்பவத்தையொட்டி வந்த எச்சரிக்கை அது. விடியும்வரை எரியும் நுளம்புச் சுருளும் நெருப்புத்தானே?

செய்யவேண்டியவை

காலையில் பஜ்ருத் தொழுகை முடிந்ததும் எதிரெதிர்ப் பக்கத்து யன்னல் இரண்டைத் திறவுங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று நுழையும், ஓடாது. குசினிச் சுவரில் கூரைக்கு அண்மையில் ஒரு திறப்பு இருக்கட்டும். சூடான புகை மேலேதான் ஏறும். புகைபோக்கி இருந்தால் கரி அடைக்காமல் துப்புரவு செய்யுங்கள். நன்கு காய்ந்த விறகையே எரியுங்கள். பருப்பையும் கடலையையும் முன்கூட்டியே ஊறவைத்து, சட்டியை மூடிச் சமைத்தால் அடுப்பு எரியும் நேரம் குறையும். அடுப்பு எரியும்போது பிள்ளையை வேறொருவர் வைத்திருக்கட்டும். சுருளுக்குப் பதிலாக நுளம்பு வலை கட்டுங்கள்.

அப்படியானால் செடி வேண்டாமா?

வேண்டும்! காற்றுக்காக அல்ல. கண்ணுக்குக் குளிர்ச்சி, மனதுக்கு ஆறுதல், சமையலுக்கு உதவி. மறுமை நாள் வந்துவிட்ட நிலையிலும் கையில் ஒரு கன்றிருந்தால் நட்டுவிடுங்கள் என்ற கருத்தில் போதித்த தூதரின் உம்மத்து நாம். ஆனால் தெரிந்தெடுத்து வையுங்கள்.

தண்ணீர்ப் போத்தலில் மணி பிளான்ட் வளர்க்காதீர்கள். மண்ணில் வையுங்கள். சாடியின் கீழ்த்தட்டில் நிற்கும் தண்ணீரே டெங்கு நுளம்பின் தொட்டில். முட்டை நுளம்பாகிப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். தட்டு காய்ந்தாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவவேண்டும். தட்டே இல்லாவிட்டால் இன்னும் நல்லது. 2017இல் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்குவால் பீடிக்கப்பட்டதை மறக்கலாகாது. நமது குடாநாட்டில் மாரி மழையோடு அது தலைதூக்கும்.

தவழும் பிள்ளையுள்ள வீட்டில் டிஃபன்பேக்கியா என்ற புள்ளியிலைச் செடி, அந்தூரியம், மணி பிளான்ட் ஆகியவை கைக்கெட்டும் இடத்தில் வேண்டாம். அவற்றைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். அலரி முழுவதும் நஞ்சு. அதை வீட்டை அண்டவே விடாதீர்கள்.

பலன் தருபவற்றை வையுங்கள். நெய்ச்சோற்றுக்கு ரம்பை, இரசத்துக்குக் கற்பூரவள்ளி, பெருநாளைக்கு மருதோன்றி. நோன்பு காலச் சர்பத்தில் நாம் போடும் கசகசா, திருநீற்றுப் பச்சையின் விதைதான். நறுமணச் செடியைக் குறிக்கும் ரைஹான் என்ற சொல் குர்ஆனிலும் வருகிறது. இவற்றுக்கு வெயில் வேண்டும் என்பதால் யன்னலோரத்திலும் விறாந்தையிலும்தான் செழிக்கும். செடியின் பெயராலாவது யன்னல் திறபடட்டும்!

அந்த வீட்டுக்குத் திரும்புவோம். பிள்ளையை அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். புகையை அண்டவிடாதீர்கள், காற்றோட்டமாக வைத்திருங்கள் என்பதே வைத்தியரும் சொன்ன புத்திமதி. அடுத்தமுறை போனபோது ஆறு சாடிகளும் தட்டில்லாமல் விறாந்தையில் வரிசையாக நின்றன. அறை யன்னலில் பச்சை வலை. தொட்டிலின் மேலே நுளம்பு வலை. பிள்ளை அமைதியாக உறங்கிக்கொண்டிருந்தது.

"இனி பயான்ல இதையும் சொல்லுங்க மௌலவி" என்றார் உம்மும்மா. சொல்லிவிட்டேன்.

வல்ல அல்லாஹ் நமது இல்லங்களை நோயற்ற, ஒளி நிறைந்த இல்லங்களாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.