மயில் கழுத்து பட்டு: ஒரே சேலையில் 2 கலர் தெரிவது எப்படி? பளபளப்பை பார்த்து ஏமாந்துடாதீங்க!

கல்யாண வீட்டுக்குள் ஒரு பெண் பட்டு சேலை கட்டி வருகிறார். தூரத்தில் பார்த்தால் நீலம். பக்கத்தில் வந்து திரும்பினால் பச்சை. "அட, இது என்ன கலருக்கா?" என்று கேட்காதவர்களே இல்லை. அதுதான் மயில் கழுத்து பட்டு. ஜவுளிக்கடைகளில் 'டபுள் ஷேடு' என்று எடுத்துப் போடும் ரகம்.

இந்த ஜாலத்துக்கு காரணம் தனி சாயமோ, ரசாயனமோ கிடையாது. எல்லாம் தறியில் நடக்கிற வேலைதான்.

பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர்

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல் பாவு. நாடாவில் வைத்து குறுக்கே ஓட்டும் நூல் ஊடை. ஒரே கலர் சேலை என்றால் இரண்டுக்கும் ஒரே சாயம். டபுள் ஷேடில் பாவுக்கு ஒரு நிறம், ஊடைக்கு வேறு நிறம். நீலப் பாவில் பச்சை ஊடை ஓடினால் மயில் கழுத்து தயார்.

நெய்த துணியில் பாவு நூலும், ஊடை நூலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கி போகும். ஒரு பக்கம் இருந்து பார்த்தால் பாவில் பட்ட வெளிச்சம் கண்ணுக்கு அதிகமாக வரும். சேலையை சாய்த்தால் ஊடையின் நிறம் முன்னே வரும். அதனால்தான் கொசுவ மடிப்பில் 2 நிறமும் பக்கத்து பக்கத்தில் தெரிகிறது.

பருத்தியிலும் இப்படி நெய்யலாம். ஆனால் பட்டு இழை வழவழப்பானது. அதை குறுக்கே வெட்டி பெரிதாக்கி பார்த்தால் கிட்டத்தட்ட முக்கோணமாக இருக்கும். அதனால் வெளிச்சம் பட்டதும் பளிச்சென்று மின்னுகிறது.

பாலியஸ்டரும் மின்னும்!

இங்கேதான் உஷாரா இருக்கணும். கலர் மாறுகிறது என்பதற்காக அது பட்டு ஆகி விடாது. பாலியஸ்டர் நூலில் 2 நிறம் போட்டாலும் இதே மாதிரி மாறும். பாவு மட்டும் பட்டு, ஊடை கலப்பு நூல் என்றும் நெய்ய முடியும். மகள் கல்யாணத்துக்கு சீட்டு போட்டு சேர்த்த பணம் வீணாகலாமா?

வாங்கிய சேலையில் சந்தேகம் இருந்தால் ஜாக்கெட் துணி ஓரத்தில் நீளவாக்கில் ஒரு நூல், குறுக்குவாக்கில் ஒரு நூல் உருவுங்கள். இரண்டையும் தனித்தனியாக பற்ற வையுங்கள். பட்டு என்றால் முடி கருகுகிற வாடை வரும். சாம்பலை தொட்டால் பொடிந்து விடும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டி மணி போல நிற்கும். ஒரு நூலை மட்டும் சோதித்து விட்டுவிடக் கூடாது.

கடையிலேயே தெரிந்து கொள்ள முத்திரைகள் உண்டு. 2004-ம் ஆண்டு மத்திய பட்டு வாரியம் கொண்டு வந்த 'சில்க் மார்க்', அசல் பட்டு நூல் என்பதற்கு மட்டும் அடையாளம். விசைத்தறி பட்டுக்கும் அது கிடைக்கும். கைத்தறியில் நெய்தது என்பதற்கு 2006-ல் வந்த 'ஹேண்ட்லூம் மார்க்' தனியாக இருக்கிறது. கைத்தறி காசு கொடுப்பவர்கள் இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும்.

டெய்லரிடம் சொல்லுங்க

டபுள் ஷேடு துணியை ஜாக்கெட், பாவாடை தைக்கும்போது எல்லா துண்டையும் ஒரே திசையில் வெட்ட வேண்டும். ஒன்றை நீளத்திலும், இன்னொன்றை குறுக்கிலும் வெட்டினால் தைத்த பிறகு வேறு வேறு துணி போல தெரியும். மேட்சிங் ஜாக்கெட் தனியாக எடுப்பதாக இருந்தால் பாவு, ஊடை இரண்டில் ஒரு நிறத்தை எடுத்தால் பொருந்தும்.

கடை விளக்கு வெளிச்சத்தை மட்டும் நம்பாதீர்கள். சேலையை வாசல் வெளிச்சத்தில் பிரித்து சாய்த்து பாருங்கள். வீட்டில் சோப்பில் ஊற வைக்காதீர்கள், வெயிலில் காயப் போடாதீர்கள். 2 நிறத்தில் ஒன்று வெளுத்தாலும் மயில் கழுத்து போய் விடும்.

போலியை அசல் விலைக்கு வாங்கினால் நஷ்டம் நமக்கு மட்டும் இல்லை. தறிக்குழியில் காலை இறக்கி நாள் முழுக்க நாடா ஓட்டுகிற நெசவாளிக்கும்தான்.