ரீச் ஸ்டாக்கர்

ரீச் ஸ்டாக்கர் என்பது, கன்டெய்னர் எனப்படும் சரக்குப் பெட்டகங்களைத் தொடருந்துக்கும் லாரிக்கும் இடையே மாற்றியேற்றவும், முற்றத்தில் அடுக்கி வைக்கவும் பயன்படும் பளுதூக்கும் வண்டியாகும். சென்னையில் கான்கார் நிறுவனத்தின் தண்டையார்பேட்டை முனையம் போன்ற இடங்களில் இது பயன்படுகிறது.

இவ்வண்டியின் நீளும் கையின் முனையிலுள்ள சட்டகம், பெட்டகத்தின் மேல்மூலைகள் நான்கிலும் பூட்டிக்கொண்டு அதைத் தூக்குகிறது. சரக்கு நிரம்பிய பெட்டகம் ஏறத்தாழ 30 டன் வரை எடையிருக்கலாம்.

முதல் வரிசையில் 45 டன் தூக்கும் வண்டி, கையை நீட்டி இரண்டாம், மூன்றாம் வரிசைகளை எட்டும்போது அதைவிடக் குறைவான எடையையே தூக்க இயலும். இதற்கு நெம்புகோல் தத்துவமே காரணம். முன்சக்கரங்களே தாங்குபுள்ளி, வண்டியின் பின்பகுதி எடை பளுவைச் சமன்செய்கிறது. பளு விலகிச் செல்லச் செல்ல அதன் திருப்புத்திறன் கூடும். அளவு மீறினால் வண்டி முன்புறமாகக் கவிழும். எனவே, பெட்டகத்தின் எடையைக் குறைத்து எழுதுவது ஓட்டுநரின் உயிருக்கே ஆபத்தாகும்.