எலுமிச்சம்பழத்துக்குக் கேட்காத வாந்தி

"பழைய ஜீப்பா? பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு அதிலயா மலைக்குப் போகணும்?" என்று நான் கேட்டதும் இவர் சிரித்துவிட்டார். "புதுசு வாங்க உங்க அப்பா பணம் தருவாரா?" என்றார். அதோடு என் வாய் அடைத்தது.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்குக் காட்டில் தங்குவது புதிதல்ல. ஆடி அமாவாசைக்கு அண்டா குண்டா, அரிசி பருப்பு சகிதம் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய், தாமிரபரணிக் கரையில் குடில் போட்டுத் தங்கிப் பொங்கல் வைத்துவிட்டு வருவது தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம். வாடகை வேனில் போய்ப் போய் இவருக்கு அலுத்துவிட்டது. சொந்தமாக ஒரு ஜீப் வேண்டும் என்று ஆசை. போடிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் நிறைய உண்டல்லவா? அங்கேயிருந்து ஒரு மகேந்திரா எம்.எம். 540 வந்து சேர்ந்தது. டீசல் வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கிற வகை.

வந்த மறுநாளே இவர் பெரிய லிஸ்ட் போட்டார். பச்சைப் பெயிண்ட், மேலே நாலு விளக்கு, முன்னால் கனமான இரும்புக் கம்பி. "முதலில் பிரேக்கைப் பாருங்க" என்றேன். "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

ஆடிக்கு ஒரு மாதம் முன்னால், சோதனையாகப் பாபநாசம் வரை போய் வரலாம் என்று கிளம்பினோம். மழைத் தூறல் இருந்ததால் பக்கத்துத் தார்ப்பாயை இறக்கிக் கட்டினோம். காற்றுக்காகப் பின்பக்கத்தை மட்டும் சுருட்டி வைத்தோம். சேரன்மகாதேவி தாண்டியதுமே பின்சீட்டிலிருந்த என் கடைக்குட்டி "அம்மா, தலை வலிக்கு" என்றாள். வீரவநல்லூரில் ஒரு வாந்தி, கல்லிடைக்குறிச்சியில் ஒரு வாந்தி. எலுமிச்சம்பழம், இஞ்சி, புளிப்பு மிட்டாய் எதற்கும் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த பெரியவனும் "எனக்கும் கிறுகிறுன்னு வருது" என்றான். அம்பாசமுத்திரத்தில் இறங்கி மரத்தடியில் அரைமணி உட்கார்ந்ததும் இரண்டு பேரும் தெளிந்து இட்லி கேட்டார்கள்! "பழக்கமில்லாத வண்டி, அதான்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

மறுநாள் துணி துவைக்கும்போதுதான் என் கண் திறந்தது. சின்னவள் தலைசாய்த்துப் படுத்திருந்த வெள்ளைத் துண்டு கறுத்துக் கிடந்தது. "ரோட்டுத் தூசி" என்றார் இவர். தூசி என்றால் செம்மண் நிறமாக இருக்காதா? விறகடுப்பு எரிந்த வீட்டில் வளர்ந்தவள் நான். இது புகைக்கரி என்று தெரியாதா?

துண்டைக் கையோடு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் அண்ணாச்சி அதைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. என்ஜினை ஓடவிட்டு, புகைக்குழாய் வாயை ஈரச்சாக்கால் ஒரு நிமிஷம் அமுக்கிப் பிடித்தார். வண்டிக்கு அடியிலிருந்து புஸ்ஸென்று சத்தம்! "கேட்டீங்களா மதினி? சைலன்சர் துருப்பிடிச்சு ஓட்டையாயிருக்கு. குழாயை வேற யாரோ பாதியில வெட்டிவிட்டிருக்காங்க. புகை பூரா பிள்ளைங்க காலடியிலதான் வருது" என்றார். தரைத் தகட்டிலும் பழைய போல்ட் ஓட்டைகள் நாலைந்து இருந்தன. பக்கங்களை மூடிப் பின்பக்கத்தை மட்டும் திறந்து வைத்தால், ஓடுகிற வண்டி புகையை உள்ளே இழுக்குமாம். நாங்கள் செய்ததும் அதைத்தான்.

புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெட்ரோல் வண்டியில் அது அதிகம், டீசலில் குறைவு. ஆனாலும் மூடின வண்டிக்குள் டீசல் புகை சேர்ந்தால் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் எல்லாம் வரும். குழந்தைகள் நம்மைவிட வேகமாக மூச்சு விடுவதால் அவர்களைத்தான் முதலில் தாக்கும். ஒருவருக்கு மேல் ஒரே சமயத்தில் தலைவலிக்கிறதா? வண்டியை விட்டு இறங்கினால் தெளிகிறதா? அப்படியானால் அதை வெறும் பிரயாண வாந்தி என்று விட்டுவிடாதீர்கள், சகோதரிகளே! பிள்ளை அசந்து தூங்கி எழுப்பினாலும் எழாவிட்டால், உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அன்றைக்கே இவருடைய லிஸ்ட் கிழிந்தது. புது சைலன்சர் போட்டோம். புகைக்குழாய் வண்டியின் பின்பக்கத்தைத் தாண்டி நீளும்படி செய்தோம். தரை ஓட்டைகளுக்குத் தகடு வைத்து வெல்டிங் செய்து, கியர் கம்பியைச் சுற்றிப் புது ரப்பர் உறை மாட்டினோம். சக்கரங்களைக் கழற்றிப் பிரேக்கைப் பார்த்தால், ஒரு சக்கரத்தில் ஆயில் கசிந்து ஊறியிருந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னவர் என் முகத்தைப் பார்க்கவில்லை! பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் மலையிறக்கத்தில் சூடேறிக் கொதித்து, மிதித்தாலும் பிடிக்காமல் போகும். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடச் சொன்னார் அண்ணாச்சி. இறக்கத்தில் கீழ்க்கியரில்தான் வர வேண்டும், நியூட்ரலில் விடவே கூடாது.

டயரும் புதிதாயிற்று. சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்புக் காணிக்கை போடுவார்கள். "சாமிக்கே நல்ல செருப்பு வேணும்னா, வண்டிக்கு வேண்டாமா?" என்றார் என் அத்தை.

முன்னால் இரும்புக் கம்பி வேண்டாம் என்று நிறுத்திவிட்டோம். அது சட்டத்துக்கு விரோதம், நடவடிக்கை எடுங்கள் என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. 15 வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். வாங்கும்போதே ஆர்.சி. புத்தகத்திலுள்ள என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு சக்கர இழுவைக்குத் தனியாக ஒரு குட்டிக் கம்பி உண்டு. சேறு, மணல் வந்தால் மட்டும் அதைப் போட வேண்டும். தார் ரோட்டில் போட்டுக்கொண்டே திரும்பினால் பல்சக்கரங்கள் தேய்ந்துவிடும். அதற்காகக் காட்டில் நினைத்த பக்கம் ஓட்டலாம் என்றில்லை. களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். மற்ற நாட்களில் நம் இஷ்டத்துக்குக் கூடாரம் அடிக்க முடியாது. திருவிழாவுக்கு எத்தனை நாள் தங்கலாம், சொந்த வண்டியை விடுவார்களா, அரசு பஸ்ஸில்தான் போக வேண்டுமா என்பதெல்லாம் வருஷத்துக்கு வருஷம் மாறும். முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஆடிக்கு எங்கள் ஜீப் பச்சைப் பெயிண்ட் இல்லாமலே மலையேறியது. ராத்திரி நல்ல சாரல். பக்கத்துக் குடிலில் ஒரு இளம் தாய், கைக்குழந்தைக்குக் குளிருமென்று கரியடுப்பை உள்ளே எடுத்து வைத்துப் படுதாவை இழுத்து மூடினாள். நான் ஓடிப்போய் அடுப்பை வெளியே எடுத்து வைக்கச் சொல்லி, துண்டுக் கதையைச் சொன்னேன். முதலில் முறைத்தாள். பிறகு குழந்தைக்குப் போர்த்திக்கொள்ள எங்கள் கம்பளியை வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியில் சின்னவள் அதே பின்சீட்டில் உட்கார்ந்து, கல்லிடைக்குறிச்சியில் "அம்மா, அப்பளம் வாங்கலையா?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் துண்டை உதறிப் பார்த்தேன். வெள்ளையாகவே இருந்தது.