மெட்ராஸ் என்று ஒரு நோய்க்குப் பெயர்

"இன்னும் எத்தனை வருஷம் டாக்டர்?" மோட்டார் நியூரான் நோய் என்று தெரிந்ததும் வீட்டார் முதலில் கேட்பது இதைத்தான். தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் மெல்ல மெல்ல அழிந்துபோகும் நோய் இது. இதில் அதிகம் காணப்படும் ஏ.எல்.எஸ். வகைக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து 2 முதல் 5 ஆண்டுகள் என்பது பொதுவான கணக்கு. பத்தாண்டு தாண்டுபவர்கள் சுமார் 10 சதவீதம்.

அந்தக் கணக்குக்குள் அடங்காத ஒரு வகைக்கு நம் ஊர்ப் பெயர் இருக்கிறது. 1970-ல் சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி மூவரும், இளம் வயதினரிடம் தாங்கள் கண்ட ஒரு மாறுபட்ட நோயைப் பதிவு செய்தார்கள். ஏ.எல்.எஸ். பெரும்பாலும் நடுவயதுக்கு மேல் வரும். இதுவோ பள்ளி, கல்லூரிப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. கை கால்கள் மெலிகின்றன. முகமும் நாக்கும் தளர்கின்றன. பலருக்குக் காதும் மந்தமாகிறது. பெரும்பாலும் தென்னிந்தியாவில் காணப்படும் இதை மருத்துவ உலகம் 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்கிறது.

ஆறுதலான செய்தி, இது மெதுவாக நகர்வது. இந்த நோயோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே, எத்தனை வருஷம் என்று கேட்கும் முன், எந்த வகை என்று கேளுங்கள். ஒரே வகைக்குள்ளும் ஆளுக்கு ஆள் வேகம் மாறும். 1963-ல், 21 வயதில், ஏ.எல்.எஸ். என்று தெரிந்து, இரண்டே ஆண்டுகள் என்று கெடு வைக்கப்பட்ட இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் 2018-ல், 76 வயதில்தான் காலமானார்.

மோட்டார் நியூரான் நோயில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் மூச்சுத் தசைகள் தளர்வதால் வருகிறது. 1985-ல் நிமோனியா முற்றிய ஹாக்கிங்கை, தொண்டையில் துளையிட்டுச் செய்த அறுவை சிகிச்சை காப்பாற்றியது. அதற்கு விலை அவர் குரல். அதன்பின்னும் 32 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ரிலுசோல் மாத்திரை ஏ.எல்.எஸ். நோயாளிக்குச் சில மாதங்களைக் கூட்டித் தரும். இரவில் மாட்டும் சுவாச முகமூடியும், விழுங்க முடியாதபோது வயிற்றில் பொருத்தும் உணவுக் குழாயும் பெரிய துணை. மூச்சுத் திறனை அவ்வப்போது சோதித்தால்தான் இவற்றைக் காலத்தில் தொடங்க முடியும்.

மெட்ராஸ் வகை வந்த பிள்ளைக்கு இன்னொன்றும் வேண்டும்: எதிர்காலத் திட்டம். காது மந்தமானால் உடனே காது மெஷின் வாங்கிக் கொடுங்கள். பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போங்கள். முக்கியமாக, படிப்பை நிறுத்திவிடாதீர்கள். முன்னே கிடக்கும் அத்தனை ஆண்டுகளுக்கும் அந்தப் படிப்பு தேவைப்படும்.