ருசிக்கு ஆறு மாதம்

சந்தையில் நாட்டுக்கோழி வாங்கிப் பழகியவர்கள் எடையைக் கேட்பதற்கு முன் கோழியின் நெஞ்சைத் தடவிப் பார்ப்பார்கள். நெஞ்செலும்பின் பின்நுனியைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் வளைந்து கொடுக்க வேண்டும். கொடுத்தால் இளசு; அசையாமல் நின்றால் முற்றல். இளம் பறவையில் அந்த நுனி வெறும் குருத்தெலும்பு. வயது ஏற ஏறச் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டி எலும்பாகிவிடும். சேவல் என்றால் கால் முள்ளையும் பார்ப்பார்கள். சிறு புடைப்பாக இருந்தால் இளஞ்சேவல். நீண்டு வளைந்திருந்தால் வருடம் தாண்டியது.

வயதுக்கு ஏன் இத்தனை மரியாதை? நாட்டுக்கோழியின் ருசி, கடினம் இரண்டுமே பெரும்பாலும் வயதும் நடமாட்டமும் தருபவை. பிராய்லர் கோழி ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோவைத் தொட்டுக் கடைக்கு வந்துவிடுகிறது. தோட்டத்தில் கறையானும் புழுவும் சிந்திய தானியமும் கொத்தித் திரியும் சிறுவிடைக் கோழி கறிக்கு ஆக ஐந்தாறு மாதம் பிடிக்கும். அந்த மாதங்களில் அது நாள் முழுக்க நடக்கிறது, கிளறுகிறது, பருந்தின் நிழல் கண்டால் ஓடுகிறது. ஓயாமல் உழைக்கும் கால் தசைக்கு ஆக்சிஜன் தேவை. அதைச் சேர்த்து வைக்கும் மயோகுளோபின் என்ற செந்நிறப் புரதம் காலில் நிறைகிறது. தொடைக்கறி கறுத்தும் நெஞ்சுக்கறி வெளுத்தும் இருப்பது இதனால்தான்.

தசை நார்களைக் கட்டாகப் பிடித்து வைத்திருப்பது கொலாஜன் என்னும் இணைப்புப் புரதம். குஞ்சுப் பருவத்தில் அதன் இழைகள் தளர்வாக இருக்கும். மாதங்கள் செல்லச் செல்ல இழைக்கும் இழைக்கும் இடையே வேதிப் பிணைப்புகள் உருவாகி இறுகிவிடும். பிராய்லர் கறி இருபது நிமிடத்தில் வெந்துவிட, நாட்டுக்கோழி ஒரு மணி நேரம் கேட்பது இதனால்தான். நீர் சேர்த்து மெதுவாகக் கொதிக்க வைத்தால் அந்தக் கொலாஜன் கரைந்து ஜெலட்டின் ஆகும். குழம்புக்கு வரும் வழவழப்பான கனம் அதன் கொடை. ஆகவே மூன்று மாதம்கூட நிறையாத கலப்பினக் கோழியைக் கொட்டகையில் அடைத்து வளர்த்து ‘நாட்டுக்கோழி’ என்று விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இறகின் நிறம் நாட்டுக்கோழி போலவே இருக்கலாம். காலமும் ஓட்டமும் சேராத கறியில் அந்தக் குழம்பு வராது.

சில நாட்டுக்கோழிகளின் தோலிலும் காலிலும் தெரியும் மஞ்சளுக்குத் தனிக் கதை உண்டு. நிறம் தருவது கீரையிலும் மக்காச்சோளத்திலும் இருக்கும் கரோட்டினாய்டுகள். பல கோழிகளின் தோலில் இவற்றை ஒரு நொதி சிதைத்துவிடும். மஞ்சள் தோல் கோழிகளில் அந்த நொதி தோலில் அடங்கிக் கிடக்கிறது. வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் மஞ்சள் தோலுக்கான மரபணு வடிவம் வந்தது சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து என்று 2008-ல் வெளியான ஆய்வு காட்டியது. அது இந்தியாவுக்கே உரிய பறவை. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இன்றும் கூவிக்கொண்டிருக்கிறது.

அறுப்பதற்கு முந்தைய இரவே கோழிக்குத் தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைக்க வேண்டும். இரைப்பையும் குடலும் காலியாக இருந்தால் சுத்தம் செய்யும்போது கழிவு கறியில் படாது. சால்மொனெல்லா போன்ற கிருமிகள் குடியிருப்பது குடலில்தான். இறகு பறிக்கக் கொதிக்கும் தண்ணீரில் அப்படியே முக்கக் கூடாது. தோல் வெந்து இறகோடு கிழிந்து வரும். ஏறத்தாழ 60 டிகிரிச் சூடு போதும். கொதிநீரில் சம அளவு பச்சைத் தண்ணீர் கலந்தால் அதை ஒட்டிய சூடு கிடைக்கும். இறகின் வேரைப் பிடித்திருக்கும் பிடி அந்தச் சூட்டில் தளர, ஒரு நிமிடத்தில் இறகு கொத்தாகக் கையோடு வரும். மிஞ்சும் மயிரிழைகளைத் தீயில் வாட்டி, மஞ்சள் பூசிக் கழுவுவது நம் வழக்கம். வாட்டும்போது தோலின் கொழுப்பு உருகிக் கருகும் மணம் கறியிலும் தங்கும்.

விருந்தாளி வந்ததும் கோழியைப் பிடித்து, அறுத்து, சூடு ஆறுமுன் துண்டு போட்டு அடுப்பில் ஏற்றுவதுதான் பல வீடுகளின் முறை. கறி ரப்பராக இழுபட அதுவும் ஒரு காரணம். உயிர் போன பிறகும் தசை சிறிது நேரம் வேதிவினைகளைத் தொடர்கிறது. ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு தீர்ந்ததும் தசை நார்கள் ஒன்றையொன்று பற்றியபடி விறைத்து நிற்கும். அதற்குமுன் துண்டு போட்டால், எலும்பின் பிடி விட்ட தசை சுருங்கிக்கொண்டு விறைக்கும். முழுக்கோழியாகவே சில மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் விறைப்பு ஏறி, பிறகு தசையின் சொந்த நொதிகளே நார்களைத் தளர்த்தத் தொடங்கும். காலையில் அறுத்து இரவுக்குச் சமைக்கலாம். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் காத்திருக்கக் கூடாது. வெயிலில் கறி கெட்டுவிடும். அங்கே நீண்ட நேரம் வேகவைப்பதே வழி. முற்றிய கோழிக்குப் பப்பாளிக்காய்த் துண்டு போடுவதும் சரியான யோசனை. அதிலுள்ள பப்பெய்ன் நொதி புரதத்தை வெட்டும். ஆனால் கொதிநிலையில் அது செயலிழந்துவிடும் என்பதால், அரைத்துக் கறியில் பிசறி ஊறவைத்தால்தான் முழுப் பலன்.

இத்தனைக்கும் கோழி ஆறு மாதம் உயிரோடு இருக்க வேண்டுமே. அதற்குப் பெரிய எதிரி வெள்ளைக்கழிச்சல். 1920-களில் இங்கிலாந்தின் நியூகாசிலில் அடையாளம் காணப்பட்ட இதே நோய், அடுத்த சில ஆண்டுகளில் இமயமலைப் பகுதியிலுள்ள ராணிகேத்தில் பதிவானதால் இந்தியாவில் ராணிகேத் நோய் ஆயிற்று. கோழி இறக்கையைத் தொங்கப்போட்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, மூச்சுக்குத் திணறும். சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் அநேகமாக எல்லாம் செத்துவிடும். சிறுகச் சிறுகக் கோழி சேர்த்த ஒரு பெண்ணின் கைச்செலவுப் பணம் ஒரே வாரத்தில் போய்விடும். வேதனை என்னவென்றால், தூங்கி விழத் தொடங்கிய கோழியை ‘செத்துப்போவதற்குள்’ அறுத்துக் குழம்பு வைத்து, இறகையும் குடலையும் குப்பைமேட்டில் கொட்டுகிறோம். அடுத்த வீட்டுக் கோழி அதைக் கிளறுகிறது. தெருவுக்கே நோய் போகிறது. பறவைக் காய்ச்சலும் தொடக்கத்தில் இப்படியே தோன்றலாம் என்பதால், அறுப்பவருக்கும் அது ஆபத்து. நோயுற்ற கோழியை அறுக்கவே கூடாது. செத்ததை ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

தடுப்பது சிரமமில்லை. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து, நான்காம் வாரத்தில் மறுபடி ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கைப் பக்கத்துத் தோலுக்கடியில் ஊசி. பெரிய கோழிகளுக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு மருந்து கொடுத்துவிட்டால் தடுப்பூசி நன்றாகப் பிடிக்கும். இந்த மருந்தில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ். ஆகவே கால்நடை மருந்தகத்திலிருந்து ஐஸ் போட்ட குடுவையில்தான் எடுத்துவர வேண்டும். கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். கோழிகள் மேயக் கிளம்பிவிட்டால் துரத்திப் பிடிப்பதிலேயே அந்த நேரம் போய்விடும். விடிவதற்கு முன், பஞ்சாரத்தைத் தூக்குவதற்கு முன்பே ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு விடுங்கள்.