தாரமங்கலத்துத் தேர்க்கோபுரம்

சேலத்திற்கு மேற்கே உள்ள தாரமங்கலம், கெட்டி முதலியார் எனப்பட்ட பாளையத் தலைவர்களின் இருக்கையாய் விளங்கிய ஊர். மதுரை நாயக்கர்க்கு அடங்கி நின்ற இவர்தம் வலிமை, மைசூர் மன்னர் கண்டீரவ நரசராசர் (1638–1659), தொட்ட தேவராசர் (1659–1673) ஆகியோரின் படையெடுப்புகளால் அழிந்தது. பாளையம் மறைந்தும் அவர்தம் பெயரை இன்றும் நிலைநிறுத்துவது, கைலாசநாதர் கோயிலின் மேற்கு வாயிலில் நிற்கும் கோபுரம். ஐந்து நிலைகளும் ஏறத்தாழ 90 அடி உயரமும் உடைய இதனை, யானைகளும் குதிரைகளும் இழுத்துச் செல்லும் தேராகவே சிற்பியர் படைத்துள்ளனர்.

கல்லைத் தேராக்கும் கருத்துப் புதியதன்று. இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரத்துக் கோயிலின் முன்மண்டபத்தைக் குதிரைகள் இழுக்கின்றன. 13-ஆம் நூற்றாண்டுக் கொனாரக்கக் கோயிலும் அத்தகையதே. ஆயின் அவ்விடங்களில் தேராவது இறைவன் திருமுன்னோடு சேர்ந்த பகுதி. தாரமங்கலத்தில் தேராவது வாயில். உள்ளே புகுவோர் அத்தேரின் ஊடே நடந்து செல்கின்றனர். இவ்வேறுபாடே இக்கோபுரத்தின் தனிச்சிறப்பு என்பது எம் கருத்து.

இதன் காலத்தை ஆராய்வோர் அண்ணாந்து பார்த்து ஏமாறுதல் கூடும். தமிழகத்துக் கோபுரங்களின் அடிப்பகுதி கருங்கல்லால் ஆயது. மேனிலைகள் செங்கல்லாலும் சுதையாலும் ஆயவை. சுதையுருவங்கள் திருப்பணிதோறும் புதுக்கப்படுவன, வண்ணமும் அவ்வாறே. ஆகலின், மேலுள்ள பொம்மைகளின் ஆடையணிகளைக் கொண்டு நூற்றாண்டு கணித்தல் பொருந்தாது. யானை, குதிரை முதலியன நிற்கும் கல்லடியே நம்பத்தக்க சான்று. அதன் வேலைப்பாடு நாயக்கர் காலத்தது.

குறுந்தொகையில் வரும் கட்டி என்னும் தலைவனை இக்குடிக்கு முன்னோனாகக் காட்டுவாரும் உளர். பெயரொலி ஒன்றே துணையாக ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளைக் கடத்தல் ஆராய்ச்சியாகாது. இடையிலுள்ள கல்வெட்டுகள் கூறுவதே கொள்ளத்தக்கது.

அக்கல்வெட்டுகளையும் சிற்பங்களையும் காத்தல் வேண்டும். குடமுழுக்கிற்காகக் கற்சுவர்களில் விசையுடன் மணல் வீசித் தூய்மை செய்த முறையால், தமிழகக் கோயில்கள் பலவற்றில் எழுத்துகள் தேய்ந்து போயின. தாரமங்கலத்தில் சுதையைப் புதுக்குவோர் புதுக்குக. கல்லடியை நீராலும் மென்றூரிகையாலும் துலக்குதலே போதும்.