முற்றமில்லா வீட்டில் ஒரு தொட்டிச் செடி

உங்கள் வீட்டுக்குள் வெயில் எந்த மணிக்கு, எந்தச் சன்னல் வழியாக வருகின்றது, எவ்வளவு நேரம் தங்குகின்றது என்று என்றேனும் கவனித்ததுண்டா? செடி வாங்கப் புறப்படும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் கணக்கு இதுதான். விலைக்கணக்கு பிறகு.

முற்றம் வைத்த வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு தேவைப்படவில்லை. இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையூர் ஒன்றில் இருந்த எங்கள் பழைய வீட்டின் கிணற்றடியில், கைகால் கழுவிய நீர் ஓடிச் சேரும் இடத்தில், கற்பூரவல்லி புதராய்க் கிடக்கும். கொல்லையில் மருதாணியும் கறிவேப்பிலையும் நின்றன. அவற்றை யாரும் சிரமப்பட்டு வளர்த்ததாக எனக்கு நினைவில்லை. 2015ஆம் ஆண்டு வாப்பா மவுத்தான பின் உம்மாவைச் சென்னையில் இரண்டாவது மாடியில் உள்ள எங்கள் குடியிருப்புக்கு அழைத்து வந்தோம். மூட்டை முடிச்சுகளோடு, ஈரத்துணியில் சுற்றிய ஒரு கற்பூரவல்லிக் கொம்பையும் உம்மா கொண்டுவந்தார்கள். அதை ஒரு தொட்டியில் நட்டு, கூடத்தின் மூலையில் பார்வைக்கு அழகாக வைத்தேன்; நாள்தோறும் தவறாமல் நீரும் ஊற்றினேன். இரண்டு மாதங்களில் அது வெளுத்து, நெட்டையாய் நீண்டு, அடித்தண்டு அழுகிச் செத்தது.

"வெயில் காணாத பிள்ளை, என்ன செய்யும்?" என்று மட்டும் உம்மா சொன்னார்கள்.

கூடம் எனக்கு வெளிச்சமாகத்தான் தெரிந்தது. மனிதக் கண் மங்கலுக்குப் பழகிக்கொள்ளும். அதனால் வெளிச்சத்தை அளப்பதில் அது நம்மை ஏமாற்றிவிடும். சன்னலை விட்டு நான்கைந்து அடி தள்ளிப் போனாலே செடிக்குக் கிடைக்கும் ஒளி பெருமளவு குறைந்துவிடுகின்றது. எளிய சோதனை ஒன்று உண்டு. நண்பகலில் செடி வைக்க விரும்பும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஒரு சாண் மேலே கையை நீட்டிப் பாருங்கள். நிழல் விளிம்புடன் தெளிவாக விழுந்தால் நல்ல வெளிச்சம். மங்கலாகக் கைபோலத் தெரிந்தால் நடுத்தரம். நிழலே விழவில்லையாயின் அங்கே பூச்சாடியில் காகிதப் பூ வைப்பதே செடிக்குச் செய்யும் உபகாரம்.

நேரடி வெயில் படாத, ஆனால் நடுத்தர வெளிச்சம் உள்ள இடத்திற்கு ஏற்றவை சில உள்ளன. மணி பிளான்ட் எல்லோரும் அறிந்தது. பிரெஞ்சுப் பாலினீசியாவின் மோரேயா தீவைத் தாயகமாகக் கொண்ட கொடி அது. மஞ்சள் தெளித்த இலைகள் வரவரப் பச்சையாகவே வந்தால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த, வாள்போல் நிமிர்ந்து நிற்கும் பாம்புச் செடி நம் நாட்டு மருளுக்கு இனமானது. மஞ்சள் கரையுள்ள அதன் இலையை வெட்டி நட்டால் புதுக்கன்றில் அந்தக் கரை வராது. கிழங்கோடு பிரித்து நட்டால்தான் வரும். இசட்-இசட் செடி என்று விற்கப்படுவது கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு உரியது. மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு போன்ற கிழங்கில் நீரைச் சேர்த்து வைத்திருப்பதால், ஊருக்குச் சென்று மூன்று வாரம் கழித்து வந்தாலும் குற்றம் சொல்லாது. கற்பூரவல்லி, சோற்றுக்கற்றாழை, பிரியாணிக்கு வாங்கிய கட்டில் மிஞ்சிய புதினாத் தண்டு ஆகியவற்றுக்கோ நாளில் நான்கு மணி நேரமாவது வெயில் வேண்டும். அவற்றைச் சன்னல் திட்டிலோ பால்கனியிலோதான் வைக்க வேண்டும்.

தவழும் குழந்தை உள்ள வீட்டினர் ஒன்றை அவசியம் அறிந்திருக்க வேண்டும். அகன்ற பச்சை இலையில் வெள்ளைத் திட்டுகளோடு, பார்க்க மிக அழகாக, டீபன்பாக்கியா என்னும் செடி எல்லா நர்சரிகளிலும் கிடைக்கின்றது. அதன் சாற்றில் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப் படிகங்கள் உள்ளன. கடித்தால் நாவும் தொண்டையும் எரிந்து வீங்கும். சிலவேளை பேச்சே எழாது. ஊமைக் கரும்பு என்ற பொருளில் ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் வந்தது இதனால்தான். குழந்தை கடித்துவிட்டால் வாயிலிருப்பதைத் துடைத்து எடுத்து, நீரால் கழுவி, விழுங்க முடிந்தால் சிறிது குளிர்ந்த பால் கொடுத்து, தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மணி பிளான்ட்டிலும் இசட்-இசட் செடியிலும் இதே படிகங்கள் உண்டு. எனவே அவற்றைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஸ்பைடர் பிளான்ட் எனப்படும் தென்னாப்பிரிக்கச் செடிக்கு இந்த அச்சம் இல்லை.

இனி, நீர். வீட்டுச் செடிகள் தாகத்தால் சாவதைவிட நீர் மிகுந்து சாவதே அதிகம் என்பது என் அனுபவம். வேருக்கும் காற்று வேண்டும். மண்ணின் இடைவெளிகள் எந்நேரமும் நீரால் நிறைந்திருந்தால் வேர் மூச்சுமுட்டி அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது, இலை வாடும். வாடுகிறதே என்று நாம் மேலும் ஒரு குவளை ஊற்றுவோம்! ஆகவே கிழமை பார்த்து நீர் ஊற்றாதீர்கள். விரலை இரண்டு கணு அளவு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள். காய்ந்திருந்தால் அடித்துளை வழியே வழியுமளவு ஊற்றி, வடிந்த நீரைக் கொட்டிவிடுங்கள். பாம்புச் செடிக்கும் இசட்-இசட் செடிக்கும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். துளையில்லாத பீங்கான் தொட்டி எவ்வளவு அழகாயினும் அதில் நேராக நடக்கூடாது. அடியில் கூழாங்கல் பரப்பினால் சரியாகிவிடும் என்பார்கள்; ஆகாது. கல்லுக்கு மேலுள்ள மண்ணிலேயே நீர் தேங்கி நிற்கும்.

வடிந்த நீரைக் கொட்டுங்கள் என்றதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதைச் சொல்ல எனக்கு நாணமாக இருப்பினும் சொல்லத்தான் வேண்டும்.

கற்பூரவல்லி செத்த பின், உம்மாவின் கண்ணுக்குப் பச்சையாக ஏதேனும் இருக்கட்டும் என்று ஐந்தாறு கண்ணாடிப் புட்டிகளில் நீர் நிரப்பி மணி பிளான்ட் வைத்தேன். மண்ணில்லை, அழுக்கில்லை, குறைந்த நீரை நிரப்பினால் போதும் என்று பெருமையாக இருந்தது. 2017ஆம் ஆண்டு தமிழகத்தில் டெங்குக் காய்ச்சல் பரவியபோது என் இளைய மகளுக்கும் அது வந்தது. ஆறு நாட்கள் மருத்துவமனையில், இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை எழுதிய தாளை நோக்கியே எங்கள் பொழுது கழிந்தது. வீட்டைச் சோதிக்க வந்த சுகாதாரப் பணியாளரான பெண்மணி, அடுக்களையையும் குளியலறையையும் பார்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார். ஒரு புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வேர்களுக்கிடையே கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அந்தப் புட்டியில் பிறந்த கொசுதான் கடித்தது என்று எவராலும் கூற இயலாது. இல்லை என்றும் கூற இயலவில்லை.

ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. தெளிந்து தேங்கிய நீரே அதற்குப் பிரியம். நம் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாட்கள் போதும். பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் நீர் வற்றிய பின்னும் மாதக்கணக்கில் உயிருடன் கிடந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். ஆதலால் நீரை மாற்றினால் மட்டும் போதாது. உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வேரையும் அலச வேண்டும். வாரம் ஒருமுறை, தவறாமல். தொட்டிக்கு அடியில் உள்ள தட்டுக்கும் இதுவே முறை. இதற்கு நேரமில்லாதவர்கள் புட்டியில் செடி வைக்கவே வேண்டாம்.

மகள் வீடு திரும்பிய அன்றே, செடி கிடி எதுவும் இனி வேண்டாம் என்று என் மனைவி எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டார். நானும் தடுக்கவில்லை. உம்மா எதுவும் பேசவில்லை. அப்புட்டிகள் இருந்த சன்னலருகே வெறுமனே அமர்ந்திருந்தார்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு மனைவியே சொன்னார்: "மண்ணிலே வைப்போம், மாமியே பார்த்துக்கொள்ளட்டும்."

இம்முறை முறையாகச் செய்தோம். செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு எரு ஒரு பங்கு. தூக்கக் கனமாக இருந்ததால் மணலில் பாதிக்குப் பதிலாக அலசிய தேங்காய் நார்க்கழிவு சேர்த்தோம். நர்சரியில் செடி எடுக்கும்போது பூத்துக் குலுங்குவதை எடுக்காமல், புதுத்தளிர் விடுவதாகப் பார்த்து, இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்து எடுத்தோம். அங்கே வெள்ளைப் பஞ்சுபோல் ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. வாங்கிய செடியை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்து, பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். பூச்சி வந்துவிட்டால் ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். எரு இரண்டு மாதத்துக்கு ஒரு கைப்பிடி போதும்.

சென்னை ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பு. மண்மேல் வெண்படலம் படிவதும் இலைநுனி கருகுவதும் அதன் அடையாளம். குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் கழிவு நீரில் உப்பு இன்னும் மிகுதி. அது பாத்திரம் கழுவ ஆகும், தொட்டிக்கு ஆகாது. மழைநீர் கிடைத்தால் அதற்கு ஈடில்லை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீரிலும் உப்பு இராது.

செடிகள் அறைக் காற்றைத் தூய்மையாக்கும் என்று 1989ஆம் ஆண்டின் நாசா ஆய்வைக் காட்டி விற்பவர்கள் உண்டு. அது அடைத்த சிறு பெட்டிகளுக்குள் நடந்த சோதனை. அத்தகைய சோதனைகளைத் திரட்டி மறுபடி கணக்கிட்டு 2019இல் வெளிவந்த ஆய்வின்படி, காற்றோட்டத்துக்கு இணையாகச் செடிகள் வேலை செய்யவேண்டுமாயின் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வரை தேவை. சன்னலைத் திறந்து வைப்பது எளிது. இரவில் செடிகள் பிராணவாயுவைப் பறித்துவிடும் என்ற அச்சமும் அப்படித்தான்; உடன் உறங்கும் ஒரு மனிதர் இழுப்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

கிழக்குச் சன்னலில் இப்போது காலை ஏழு முதல் பதினொன்று வரை வெயில் வருகின்றது. ஊரிலிருந்து உறவினர் கொண்டுவந்த வேறொரு கற்பூரவல்லிக் கொம்பு அங்கே தழைத்திருக்கின்றது. ஜும்ஆ நாளன்று காலையில் இளைய மகள் எல்லாத் தட்டுகளையும் எடுத்துத் தேய்த்துக் கழுவிக் கவிழ்ப்பாள். வாப்பும்மா நாற்காலியில் அமர்ந்தபடி எண்ணிச் சரிபார்ப்பார்கள். கீழ்வீட்டுக் குழந்தைக்குச் சளி என்றால் இரண்டு இலையும், விரும்பினால் நட ஒரு கொம்பும் கொடுத்தனுப்புகிறார்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே ஒடித்து, அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு நாள் நிழலில் ஆற வைத்த பின்பே மண்ணில் ஊன்ற வேண்டும் என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள்.